இரண்டாவது ஆள் யார் என்று கேளுங்கள்

தம்பி, ஒஹாயோவின் கொலம்பஸுக்கு வேலைக்கு வந்து ஆறேழு மாதம் ஆகிறது, குளிர்கூடப் பழகிவிட்டது, மதியச் சாப்பாட்டு மேசைதான் இன்னும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ‘போர்ட்டலில் அந்த டேக்கிளைக் கோட்டை விட்டுவிட்டார்கள்’, ‘லைனில் டெப்த்தே இல்லை’ என்று ஐம்பது வயதுக்காரர்கள் எல்லாம் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள், நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்கிறீர்கள். இது கல்லூரிப் பையன்கள் ஆடும் அமெரிக்க ஃபுட்பால்தானே, ஐபிஎல் ஏலம் மாதிரி ஏதாவதா, இதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். இங்கே வருடக்கணக்காக இருந்து பார்த்ததில், இந்த ஊர் ஆட்கள் தங்கள் மனதைத் திறந்து பேசுவது இந்த விஷயத்தில்தான். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லாத மனுஷன்கூட இடது டேக்கிளைப் பற்றிக் கண் கலங்கப் பேசுவார். லைன் என்பது பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேர்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். டெப்த் என்பது அவர்களுக்குப் பின்னால் தயாராக நிற்கும் மாற்று ஆட்கள்.

விதிகளிலிருந்து தொடங்காதீர்கள். 4 டவுனில், அதாவது நான்கு முயற்சியில், 10 கஜம் முன்னேற வேண்டும் என்பதெல்லாம் இரண்டு சனிக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்தால் தானாகப் புரிந்துவிடும். மேசையில் பேச்சு அதைப் பற்றி இல்லை. வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்கு 12 ஆட்டம், அதுவும் இலையுதிர் காலத்தில். மீதி நாளெல்லாம் பேச்சு ஆட்களைப் பற்றித்தான்: யார் வந்தார், யார் போனார், ஒருவருக்கு அடிபட்டால் அந்த இடத்தில் யார். அதனால் நட்சத்திரங்களின் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டாவதாக நிற்பவர் யார் என்று கேட்கப் பழகுங்கள். அதைக் கேட்டால் எதிரில் இருப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

ஐபிஎல் ஏலம் என்று நினைத்தால் பாதிதான் புரியும். ஏலத்தில் பணம் கட்டிய அணிக்கு ஆட்டக்காரர் சொந்தம். இங்கே தேர்ந்தெடுப்பது பையன். பள்ளியில் படிக்கும்போதே பல பல்கலைக்கழகங்கள் அவன் வீட்டு வாசலுக்கு வரும், அவன் ஒன்றைப் பிடித்துச் சேருவான். முன்பெல்லாம் சேர்ந்த பிறகு மனம் மாறினால், வேறு இடத்தில் ஒரு வருடம் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பயத்திலேயே பெரும்பாலோர் இருந்த இடத்தில் இருந்துவிடுவார்கள். 2018 அக்டோபரில், மாற விரும்புபவர்களின் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. அதில் பெயர் ஏறிவிட்டால் மற்ற பல்கலைக்கழகங்கள் பேச்சைத் தொடங்கலாம், பழைய பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லை. 2021-இல், ஒரு முறை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். 2024-இல், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது.

பணமும் கூடவே வந்தது. 2021 ஜூலையிலிருந்து பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றதும் பல்கலைக்கழகமே நேரடியாகக் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, ஏறக்குறைய 2 கோடியே 5 லட்சம் டாலர். ஃபுட்பாலில் 85 பேருக்குத்தான் உதவித்தொகை என்றிருந்த வரம்பு போய், மொத்த அணியே 105 பேர் என்று வந்ததும் அதே உடன்பாட்டில்தான். சொந்தச் செலவில் சேர்ந்து, வருடம் முழுக்கப் பயிற்சிக்கு மட்டும் வந்து நிற்கும் வாக்-ஆன் பையன்களுக்கு இதனால் இடம் சுருங்கியது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்தப் பையன்களின் அப்பா அம்மாக்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், நம் அலுவலகங்களில்தான் வேலை பார்க்கிறார்கள்.

சரி, டெப்த் என்று ஏன் இப்படி உயிரை விடுகிறார்கள்? நம் ஊர்ப் பல்கலைக்கழகமான ஒஹாயோ ஸ்டேட்டின் 2024 அணியைத் தெரிந்துகொண்டால் போதும்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அலபாமாவிலிருந்து கேலப் டவுன்ஸ், மிசிசிப்பி பல்கலைக்கழகமான ஓல் மிஸ்ஸிலிருந்து குயின்ஷான் ஜட்கின்ஸ், கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து குவார்ட்டர்பேக் வில் ஹவார்ட் என்று பெரிய பெரிய பெயர்களாக வந்து சேர்ந்தார்கள். ஊரே கொண்டாடியது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் கொண்டாடவில்லை. அவர் சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருக்கும். அதில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு மூன்று பெயர். முதல் பெயர் பேனாவில், மற்ற இரண்டும் பென்சிலில். பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பையனுக்கு இன்னும் எத்தனை வருடம் ஆடத் தகுதி பாக்கி என்று சின்னதாக ஓர் எண். இடது டேக்கிள் கட்டத்தில் ஜாஷ் சிமன்ஸ் பேனாவில் இருந்தார். அதற்குக் கீழே எழுதி அழித்து, எழுதி அழித்து, தாளே நைந்து போயிருந்தது. போர்ட்டலில் ஒரு டேக்கிளையாவது கொண்டு வந்திருக்க வேண்டும் என்று கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடது டேக்கிள் என்பவர், வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பவர். அவர் வேலையை ஒழுங்காகச் செய்யும்வரை யார் கண்ணிலும் பட மாட்டார்.

அக்டோபர் 12, ஆரெகன் ஆட்டம். சிமன்ஸுக்கு முழங்காலில் அடி, அந்தப் பருவமே முடிந்தது. ஆட்டமும் 32-31 என்று ஒரு புள்ளியில் கைவிட்டுப் போனது. அடுத்து நெப்ராஸ்காவை 21-17 என்று திணறித் திணறித்தான் வென்றார்கள். சிமன்ஸுக்குப் பதிலாக இறங்கியவருக்கும் அந்த ஆட்டத்தில் அடி. அப்புறம் இடது கார்டாக ஆடிக்கொண்டிருந்த டோனவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்தி, அவருடைய இடத்துக்குக் கார்சன் ஹின்ஸ்மனைக் கொண்டு வந்தார்கள். நவம்பரில், அலபாமாவிலிருந்து போர்ட்டல் வழியாக வந்திருந்த சென்டர் செத் மெக்லாக்லினுக்குப் பயிற்சியின்போது குதிகால் தசைநார் கிழிந்தது. ஹின்ஸ்மன் சென்டருக்குப் போனார், கார்டுக்கு இன்னும் கீழேயிருந்து ஆள் வந்தார்கள். நவம்பர் 30, பரம எதிரியான மிச்சிகனிடம் சொந்த மைதானத்தில் 13-10 தோல்வி. ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் உட்காரும் மைதானம் அன்று எப்படிக் காலியானது என்பதை இங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதோடு முடியவில்லை. அந்த ஆண்டுதான் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் 4 அணியிலிருந்து 12 அணியாகப் பெருகியது. இடம் மாற்றி மாற்றி அடுக்கிய அதே லைனை வைத்துக்கொண்டு டென்னசி, ஆரெகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று நான்கு பேரையும் வென்றார்கள். 2025 ஜனவரி 20 அன்று தேசியப் பட்டம் கையில். மொத்தம் 16 ஆட்டம். தாக்குவதற்கு 11, தடுப்பதற்கு 11 என்று 22 பேரை மட்டும் வைத்துக்கொண்டு 16 ஆட்டத்தை எந்த அணியும் ஆட முடியாது. பிளேஆஃப் பெரிதான பிறகு டெப்த் பற்றிய கவலையும் பெரிதானது இதனால்தான்.

இதில் ஹின்ஸ்மனை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். 2023-இல் அவர்தான் சென்டர். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அவரை வெளியே உட்கார வைத்தார்கள், அடுத்து மெக்லாக்லின் வந்து இடமும் போனது. போர்ட்டல் திறந்துதான் இருந்தது. அவர் போகவில்லை. போயிருந்தால் அந்த ஜனவரியில் பட்டம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். வெளியிலிருந்து கொண்டு வந்த ஆள் ஓர் ஓட்டையை அடைப்பார். அணியைத் தாங்கி நிற்பவர்கள், இடம் கிடைக்காதபோதும் உள்ளேயே இருந்து வளர்ந்தவர்கள். 2025-க்கு மின்னசோட்டாவிலிருந்தும் ரைஸிலிருந்தும் டேக்கிள்களைப் போர்ட்டலில் கொண்டு வந்தார்கள். அப்படியிருந்தும் இடது டேக்கிளாகக் கடைசியில் நின்றவர் உள்ளேயே வளர்ந்த ஆஸ்டின் சியர்வெல்ட். உங்கள் மேசையில் இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் இருப்பார்கள், சொல்லட்டும்.

அவர்கள் முதலில் இந்தியானாவைக் காட்டுவார்கள். நியாயம்தான். பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி 2024 பருவத்துக்காக ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து தன் பையன்களில் பத்துப் பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு அங்கே போனார். முதல் வருடமே 11 வெற்றி. 2025-இல் கலிஃபோர்னியாவிலிருந்து மாறி வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா குவார்ட்டர்பேக். நம் அணியும் இருக்கும் பிக் டென் லீக்கின் இறுதியில் நம் அணியை 13-10 என்று வீழ்த்தி, ஒரு தோல்விகூட இல்லாமல் தேசியப் பட்டம் வரை போனார்கள். பள்ளிக் காலத்தில் மதிப்பீட்டாளர்கள் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள் என்று பார்க்காமல், கல்லூரி மைதானத்தில் ஏற்கனவே ஆடிக் காட்டியவர்களாகப் பொறுக்கி எடுத்தார் சிக்னெட்டி. இதே போர்ட்டலை நம்பிய ஃபுளோரிடா ஸ்டேட், 2023-இல் வழக்கமான பருவத்தில் ஒன்றுகூடத் தோற்காத அணி, அடுத்த வருடமே 2-10 என்று விழுந்தது. கொலராடோவில் பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் 2023-இல் அணியையே புதிதாக மாற்றி, முதல் மூன்று ஆட்டத்தையும் வென்று, கடைசியில் 4-8 என்று முடித்தார். லைனில் ஆள் இல்லை, குவார்ட்டர்பேக் அடி மேல் அடி வாங்கினார்.

‘கோட்டை விட்டுவிட்டார்கள்’ என்று மேசையில் யாராவது சொன்னால், எந்தப் பையனைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். ஊருக்கு வந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் சேர்ந்தவனாக இருந்தால், அது இரண்டு மாதத்தில் ஆறிவிடும். வந்தும் ஆட முடியாமல் போனவனாக இருந்தால் குரல் கொஞ்சம் தணியும். கைவிட்டுப் போனவனாக இருந்தால்தான் உண்மையான வலி. ஜோ பர்ரோ இதே ஒஹாயோவில் ஏதென்ஸ் பக்கத்தில் வளர்ந்தவர். இங்கே குவார்ட்டர்பேக் இடம் கிடைக்காமல் 2018-இல் லூயிசியானாவின் எல்எஸ்யூவுக்குப் போனார், 2019-இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் தேசியப் பட்டமும் வாங்கினார். 2023-இல் இங்கே ஆடிய கைல் மெக்கார்டு, மிச்சிகன் தோல்விக்குப் பிறகு சிராகியூஸுக்குப் போய், அடுத்த பருவத்தில் நாட்டிலேயே அதிக கஜம் எறிந்தவரானார். அதே பருவத்தில் அவர் இடத்துக்கு வந்த ஹவார்ட் இங்கே பட்டம் வாங்கிக் கொடுத்தார். அப்படியானால் இதில் இழப்பு யாருக்கு? இதைக் கேட்டுப் பாருங்கள், அந்த மதியம் முழுவதும் ஓடிவிடும்.

நம் ஆட்கள் உடனே கவனிக்கும் இன்னொரு விஷயம் விசா. பந்தை உதைக்க ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பையன்கள் பல அணிகளில் உண்டு, இங்கே ஜோ மெக்குவைர் அப்படி வந்தவர். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் இந்த நாட்டு மண்ணில் விளம்பரப் பணம் வாங்குவது எவ்வளவு சிக்கல் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் இதைச் சொன்னபோது என் மேசையில் பலருக்கு அப்படியொரு சிக்கல் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அன்று அவர்கள் கேட்க, நான்தான் பேசினேன்.

சில எச்சரிக்கைகள். ‘வெறும் விளையாட்டுத்தானே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மிச்சிகன் ஆட்ட வாரத்தில் நீலமும் மஞ்சளுமாகச் சட்டை போடாதீர்கள். அந்த வாரம் வளாகத்தில் பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்தின் மேல் சிவப்புப் பட்டை ஒட்டியிருப்பதைப் பார்ப்பீர்கள், அதை உரிக்காதீர்கள். பணம் கட்டும் பந்தயம் இங்கே 2023-லிருந்து சட்டப்படி உண்டு, அலுவலகத்தில் கூப்பிடுவார்கள். புதிதாக வந்தவர் அதில் இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இதை மட்டும் மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். தோல்விக்குப் பிறகு சிலர் அந்தப் பையன்களின் சமூக ஊடகப் பக்கங்களுக்கே போய்த் திட்டி எழுதுகிறார்கள். லட்சக்கணக்கில் பணம் வாங்குகிறான், கேட்டுக்கொள்ளட்டும் என்பது அவர்கள் வாதம். பணம் வாங்கினாலும் பத்தொன்பது வயது, பத்தொன்பது வயதுதான். வீட்டை விட்டு வந்து, மூன்றாவது வரிசையில் நின்று, கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் பயிற்சிக்குப் போகிறான். புதிய ஊரில் இடம் தேடும் நமக்கு அது புரிய வேண்டும். மேசையில் அணித் தேர்வைத் தாராளமாக விமர்சியுங்கள், பையனை விட்டுவிடுங்கள்.

பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட் விலை அதிகம். அதற்குப் பணம் சேர்க்கும் முன் வசந்த கால ஆட்டத்துக்குப் போங்கள், பெரும்பாலும் ஏப்ரலில் வரும், டிக்கெட்டும் மலிவு. அணி தனக்குள்ளேயே பிரிந்து ஆடும், மூத்தவர்கள் சீக்கிரமே ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள், இரண்டாவது மூன்றாவது வரிசைப் பையன்கள்தான் மீதி நேரம் முழுக்க ஆடுவார்கள். பந்தைப் பார்க்காமல் லைனைப் பாருங்கள், இடது டேக்கிள் யார் யார் என்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே விடுவது கண்ணாடி போல் தெரியும் பைதான். ஏப்ரல் வெயிலை நம்பாமல் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நானும் போவேன், வருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரே காரில் போய்விடலாம்.