வாசகர் கேள்வி: பயஸ் பிரிசெட்டைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: விழாக்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் ஸ்டீரியோ அம்பிளிஃபயர், ±35 வோல்ட் சப்ளை. ஒரு சனல் எரிந்ததால் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 அவுட்புட் ட்ரான்சிஸ்டர் சோடியை மாற்றினேன். பாட்டு வருகிறது. ஆனால் பாட்டே போடாமல் விட்டாலும் சிறிது நேரத்தில் ஹீற்சிங்கில் (ட்ரான்சிஸ்டர் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) கை வைக்க முடியவில்லை. பயஸை, அதாவது பாட்டில்லாதபோதும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்டை, சரிசெய்யும் பிரிசெட்டைக் (திருகித் திருப்பும் மாறு தடை) குறைத்தால் சூடு இல்லை, மெல்லிய சத்தத்தில் குரல் கரகரக்கிறது. அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களின் எமிட்டர் காலோடு தொடராக உள்ள எமிட்டர் தடைகள் 0.22 ஓம். எங்கே நிறுத்துவது?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: கையால் தொட்டோ காதால் கேட்டோ நிறுத்த வேண்டாம். ஒரு எமிட்டர் தடையின் இரு முனைகளுக்கு இடையே 5.5 மில்லிவோல்ட் இருந்தால் 25 மில்லிஅம்பியர் ஓடுகிறது. வாடகைக்குப் போகும் அம்பிற்கு அது போதும். கரகரப்பு மிஞ்சினால் 11 மில்லிவோல்ட் வரை ஏற்றலாம். அதே தடையில் 66 மில்லிவோல்ட் காட்டினால் 300 மில்லிஅம்பியர். இரு பக்கச் சப்ளையும் சேர்ந்த 70 வோல்ட்டோடு பெருக்கிப் பாருங்கள், சும்மா இருக்கும்போதே 21 வாட் சூடு.

ஆனால் பிரிசெட் கடைசி வேலை. முதலில் மெயின்ஸ் லைவ் வயரில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போடுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. ஸ்பீக்கரைக் கழற்றி, இன்புட்டைக் கிரவுண்டோடு சேர்த்து, கரண்ட் கொடுங்கள். பல்ப் ஒருமுறை பளிச்சிட்டு மங்க வேண்டும். முழு வெளிச்சமாகவே நின்றால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது. உடனே நிறுத்தி, சப்ளை கப்பாசிட்டர்களை 100 ஓம், 10 வாட் தடையால் வெறுமையாக்கிவிட்டு, ட்ரான்சிஸ்டருக்கும் ஹீற்சிங்குக்கும் இடையே மின்சாரம் கடக்காமல் வைத்த மைக்காத் தகட்டைப் பாருங்கள். இந்த ட்ரான்சிஸ்டர்களின் முதுகுத் தகடு கலெக்டர். மைக்காவில் ஒரு கீறல் போதும், சப்ளை நேரே ஹீற்சிங்கில் ஏறிவிடும்.

பல்ப் மங்கினால் அவுட்புட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளவுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு பயஸ் ட்ரான்சிஸ்டரின் (பிரிசெட்டோடு சேர்ந்து பயஸைத் தீர்மானிப்பது) கலெக்டர்–எமிட்டர் வோல்ட்டைப் பாருங்கள். ட்ரைவர் (அவுட்புட்டை இயக்கும்) ட்ரான்சிஸ்டர்களும் அவுட்புட்டும் சேர்த்து நான்கு பேஸ்–எமிட்டர் சந்திகள் என்பதால் ஏறத்தாழ 2.2 முதல் 2.4 வோல்ட் வர வேண்டும். பிரிசெட்டைத் திருப்பியும் இந்த அளவு அசையாவிட்டால் அந்த ட்ரான்சிஸ்டரைச் சந்தேகியுங்கள். மாற்றும்போது கால்களைக் கவனியுங்கள். பிடி139-இன் கால்கள், எழுத்துள்ள முகத்தைப் பார்த்தால், இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். டிஐபி41-இல் பேஸ், கலெக்டர், எமிட்டர். கிடைத்ததை அப்படியே அதே துளைகளில் சொருகி புதுச் சோடியையும் எரித்த கதை இந்தத் தொழிலில் சாதாரணம்.

இன்னொன்று, அந்தப் பயஸ் ட்ரான்சிஸ்டர் ஹீற்சிங்கோடு ஒட்டியே இருக்க வேண்டும். ஒவ்வொரு பாகை சூட்டுக்கும் பேஸ்–எமிட்டர் வோல்ட் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். பயஸ் கூடவே இறங்காவிட்டால் கரண்ட் ஏறும், சூடு கூடும், கரண்ட் மேலும் ஏறும். பழுது பார்த்தபோது அதைக் காற்றில் தொங்கவிட்டிருந்தால் உங்கள் வியாதி அதுதான்.

உங்கள் பக்கத்து உப்புக்காற்றில் திறந்த கார்பன் பிரிசெட்டை நம்பாதீர்கள். உள்ளே ஊர்ந்து செல்லும் முள் அரித்துத் தொடர்பு விட்டுவிடும். பிரிசெட் கலெக்டர்–பேஸ் பக்கம் இருந்தால், விட்ட நொடியில் பயஸ் உச்சத்துக்குப் போய் அவுட்புட் போய்விடும். பேஸ்–எமிட்டர் பக்கம் இருந்தால் கரண்ட் குறையும், அம்ப் பிழைக்கும். மூடிய 25 சுற்று ட்ரிம்மர் போட்டுவிடுங்கள். விலை ஒரு அவுட்புட் ட்ரான்சிஸ்டரை விடக் குறைவு.

இப்போது பிரிசெட்டைக் குறைந்த பயஸில் வைத்து, பல்பை எடுத்துவிடுங்கள். பல்ப் இருக்கும்வரை சப்ளை முழுதாக இராது. மீற்றர் 200 மில்லிவோல்ட் அளவில், முனைகள் கிளிப்பால் பிடித்திருக்கட்டும். கை நழுவி இரு கால்களைத் தொட்டால் எல்லாம் போய்விடும். 5.5 மில்லிவோல்ட் வரை மெல்ல ஏற்றி, மூடியைப் போட்டு 15 நிமிடம் விட்டுத் திரும்பப் பாருங்கள். இரவில் விசிறிக்குக் கீழே சரிசெய்த அளவு, கச்சான் வீசும் மத்தியானத்தில் தகரக் கொட்டகைக்குள் அப்படியே நிற்காது. அதனால் சூடான நேரத்தில் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். மற்ற எமிட்டர் தடையிலும் ஏறத்தாழ அதே எண் வர வேண்டும். பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரு தடை பெறுமானம் மாறியிருக்கிறது.

கேள்வி: மில்லிவோல்ட் எண் நிற்காமல் ஆடுகிறது. அவுட்புட்டில் உள்ள 10 ஓம் தடை பாட்டில்லாமலே கருகுகிறது.
– வாசகர், கிண்ணியா

பதில்: இது பயஸ் கோளாறு அல்ல. அம்ப் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஊசலாடுகிறது. அந்த 10 ஓமும் 0.1 மைக்ரோஃபரட் கப்பாசிட்டரும் அதை அடக்கப் போட்டவை. அவற்றை மாற்றுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். வோல்ட்டேஜ் அம்ப் ட்ரான்சிஸ்டரின் (ட்ரைவருக்கு முன் சிக்னலின் வோல்ட்டைப் பெருக்குவது) கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே உள்ள சிறிய செராமிக் கப்பாசிட்டர், பெரும்பாலும் 47 முதல் 100 பிகோஃபரட், உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களுக்கு நீள வயர் இழுத்திருந்தால் குறுக்குங்கள். இன்புட் வயரை ஸ்பீக்கர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து, போர்டின் எதிர்ப்பக்கமாகக் கொண்டு போங்கள்.