"மெர்டேக்கா" என்ற சொல்லின் பொருள் என்ன? அது மலாய்ச் சொல்தானா?

இன்று மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் "மெர்டேக்கா" என்பது விடுதலையைக் குறித்தாலும், அதன் வேர் வடமொழியில், பெருவளமும் ஆற்றலும் உடையவர் என்னும் பொருள்கொண்ட "மகர்த்திக" என்ற சொல்லில் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் முற்காலப் போர்வீரர் வகுப்பைக் குறித்த "மகார்லிக்கா" என்பதும் இதன் உறவே.

செல்வம் விடுதலையாக மாறியதற்கான தடயம் ஜாவாவில் கிடைக்கிறது. அங்கே புனிதத் தலங்களைப் பராமரிப்பதற்காக வரிவிலக்குப் பெற்ற ஊர்களை "பெர்டிக்கான்" என்றார்கள். இதுவும் அதே வேரில் பிறந்த சொல்லாகும். பின்னர் டச்சுக்காரர்களின் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு, போர்த்துகீசிய மொழி பேசிய கிறித்தவர்கள் "மார்டைக்கர்" எனப்பட்டனர். அவர்களுள் பலருடைய முன்னோர் வங்கத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டுசெல்லப்பட்டவர்கள் என்பது நம் வரலாற்று நூல்களில் அதிகம் பேசப்படாத செய்தி.

அரசியல் முழக்கமாக இச்சொல் ஓங்கி ஒலித்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1945 ஆகஸ்ட் 17 அன்று இந்தோனேசியத் தலைவர் சுகர்ணோ வாசித்த விடுதலை அறிக்கையில், இதற்கு முன்னும் பின்னும் ஒட்டுகள் சேர்ந்து "கெமெர்டேக்காஆன்" (சுதந்திரம்) என வருகிறது. மலாயா விடுதலை பெற்ற 1957 ஆகஸ்ட் 31 அன்று கோலாலம்பூரில் அதன் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் "மெர்டேக்கா" என்று ஏழு முறை முழங்கினார். அன்றாடப் பேச்சில், பிறர் தயவை நாடாதவர், தேர்வு முடிந்து மூச்சுவிடும் மாணவர் போன்றோருக்கும் இச்சொல் பொருந்தும்.