வாசகர் கேள்வி: லாக்கெட்டா, டன்ஸ்டாலா?

கேள்வி: ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்தில் டோனி லாக்கெட் 1360 கோல், ஜேசன் டன்ஸ்டால் 1254 கோல். லாக்கெட் சேர்ந்தபோது செயின்ட் கில்டா கடைசி இடத்தில் கிடந்த அணி. டன்ஸ்டால் ஆடிய ஹாதார்ன் அணியோ அவர் காலத்திலேயே 4 பிரிமியர்ஷிப் (லீக் சாம்பியன் பட்டம்) வென்றது. இந்த இருவரையும் எந்தக் கணக்கில் ஒப்பிடுவது?

பதில்: மொத்த கோல் எண்ணிக்கையை முதலில் ஒதுக்கிவையுங்கள். ஆட்டத்துக்கு எத்தனை என்று பாருங்கள். லாக்கெட் 281 ஆட்டங்களில் 4.84, டன்ஸ்டால் 269 ஆட்டங்களில் 4.66. இடைவெளி சுருங்கிவிட்டது.

அடுத்து, பலரும் எடுப்பது 'அணியின் கோல்களில் இவர் பங்கு எவ்வளவு' என்ற கணக்கு. அந்த வீரர் இறங்கிய ஆட்டங்களை மட்டும் எடுத்து, அவருடைய கோல்களை அணியின் கோல்களால் வகுக்க வேண்டும். அவர் காயத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டங்களையும் சேர்த்தால் விடை தப்பாகும். 1989 இறுதியாட்டத்தில் ஜீலாங் அடித்தது 21 கோல், அதில் அந்த அணியின் கேரி ஆப்லெட் மட்டும் 9. அதாவது 43 சதவீதம். அப்படியும் ஜீலாங் 6 புள்ளியில் தோற்றது (ஒரு கோலுக்கு 6 புள்ளி).

ஆனால் இந்தக் கணக்கு பலவீனமான அணிக்காரருக்குச் சாதகமானது. வேறு ஆளே இல்லாத அணியில் எல்லாப் பந்தும் ஃபுல் ஃபார்வர்டை, அதாவது எதிரணி கோலுக்கு மிக அருகில் நிற்பவரைத் தேடித்தான் வரும், பங்கு தானாக ஏறும். டன்ஸ்டாலுக்கு முன்னால் சென்டர் ஹாஃப் ஃபார்வர்டில் (கோலிலிருந்து சற்றுத் தள்ளி, மைதான நடுப்பக்கமாக உள்ள தாக்குதல் இடம்) டெர்மட் பிரெரட்டன் நின்றார். பந்து அங்கேயே பிரிந்துவிடும். தானே அடிக்கக்கூடியதை, இன்னும் நல்ல இடத்தில் நிற்பவருக்குத் தள்ளிவிடும் பழக்கமும் டன்ஸ்டாலுக்கு உண்டு. அதெல்லாம் அவர் பெயரில் கோலாக ஏறாது. மறுபக்கம், வலுவான அணிக்குப் பந்து அதிக முறை முன்னால் போகும். ஆட்டம் கைக்கு வந்தபின் கடைசி குவார்ட்டரில் சுலபமான கோல்களும் விழும். சரியாகச் செய்ய வேண்டுமானால் கோலைச் சுற்றி வரைந்த 50 மீட்டர் வளைவுக்குள் பந்து நுழைந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 80களின் ஆட்டங்களுக்கு அந்தக் கணக்கு பொதுவில் கிடைப்பதில்லை.

ஆகவே நம்பத்தக்க வழி இரண்டுதான்.

ஒன்று, அணி மாறியவரைப் பார்ப்பது. லாக்கெட் செயின்ட் கில்டாவுக்கு 183 ஆட்டங்களில் 898 கோல் (4.91), சிட்னிக்கு 98 ஆட்டங்களில் 462 கோல் (4.71). சிட்னி 1996-ல் இறுதியாட்டம் வரை போன அணி. சுற்றியிருந்தவர்கள் மாறியும் அவர் விகிதம் அசையவில்லை. பலவீனமான அணியில் இருந்ததால் வீங்கிய எண் அல்ல அது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

இரண்டு, இரு அணிகளும் சமமாக இருந்த வருடத்தைப் பிடிப்பது. 1992-ல் ஹாதார்ன் 5-ஆம் இடம், செயின்ட் கில்டா 6-ஆம் இடம். அந்த சீசனில் டன்ஸ்டால் 145, லாக்கெட் 132! சாம்பியன் அணியின் தயவில் வளர்ந்தவர் டன்ஸ்டால் என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. அந்த வருடம் ஹாதார்ன் ஃபைனல்ஸ் எனும் நாக்-அவுட் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது.

எங்கள் தீர்ப்பு: ஒரே ஒருவர்தான் என்றால் லாக்கெட். ஆனால் அந்த 106 கோல் வித்தியாசத்தைக் காட்டி டன்ஸ்டாலை ஒரு படி கீழே இறக்குவது நியாயமில்லை.

கேள்வி: இவர்களோடு, பின்னால் வந்த ஃபார்வர்ட் லான்ஸ் ஃபிராங்க்ளினை வைக்கலாமா? அவர் சராசரி ஆட்டத்துக்கு 3.01 கோல் தானே?

பதில்: தாராளமாக வைக்கலாம், காலத்தைச் சரிக்கட்டிவிட்டு. 80களில் ஓர் அணி சராசரியாக நூறு புள்ளியைத் தாண்டும். ஃபிராங்க்ளினின் கடைசி ஆண்டுகளில் 80-ஐ ஒட்டியே நின்றது. வீரரின் சராசரியை அந்தந்த சீசனில் ஓர் அணி அடித்த சராசரி கோலால் வகுத்துவிட்டு ஒப்பிடுங்கள். அவர் கோல் வாயிலிலேயே நிற்காமல் விங் (மைதான நடுவின் ஓரப்பகுதி) வரை ஓடியவர் என்பதையும் மறக்க வேண்டாம்.