கையெழுத்து அவர்களுடையதாகவே இருக்கட்டும்

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் கல்விக் கல்லூரியின் அலுவலகத்தில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மில் வேலை, தறி வேலை, தோட்டத்து வேலை முடித்து மாலையில் வந்து படித்தவர்கள்தான் எங்கள் மாணவர்கள். மறைந்த மாணவர்களுக்கும் பணியாளர்களுக்கும் கருங்கல் பலகை வைக்கப் பழைய மாணவர் குழு முடிவு செய்திருக்கிறது. ஆசிரியர்கள், நன்கொடையாளர்கள் பெயர் போதும் என்கிறார்கள் சிலர். யார் யார் இறந்தார்கள் என்ற கணக்கும் எங்களிடம் இல்லை. இன்னொன்று: நான் பணியில் இருந்தபோது ஒரு மாணவி தவறிவிட்ட செய்தி வந்தும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. 15 ஆண்டுகள் ஆகிவிட்டன. இனிப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கல் தச்சரிடம் போவதற்கு முன்னால் சேர்க்கைப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் பீரோவிலிருந்து எடுங்கள். உங்கள் மாணவர்களை வீட்டார் அம்மாவாகவும் அப்பாருவாகவும் அறிவார்கள். மில்லில் டோக்கன் எண்ணாக அறிந்திருப்பார்கள். மாணவராக அறிந்த இடம் உங்கள் கல்லூரி ஒன்றுதான். அந்த நினைவை நீங்கள் விட்டுவிட்டால் வேறு யாரும் எடுத்து வைக்கப்போவதில்லை.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) 1990-களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, அறிவொளி இயக்கத்தின் வகுப்பில் எழுதப் படித்தவர். தன் பெயரைத் தகரப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஆணியால் கீறி வைத்திருந்தார். கடைசி எழுத்தான ‘ள்’-இன் புள்ளியைத் திரும்பத் திரும்ப அழுத்தியதில் அந்த இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. அவர் போன பிறகு பெட்டிக்குப் பெயிண்ட் அடித்த நாங்கள் உட்புறத்துக்கும் சேர்த்து அடித்துவிட்டோம். இன்று ஓட்டை மட்டும் இருக்கிறது. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில், சாதாரண மனிதர்கள் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கீறிய பெயர்களை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் படிக்க முடிகிறது. எங்கள் வீட்டுக் கீறலை நாங்களே இருபது ஆண்டுகளில் அழித்தோம். அந்த வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆகவே பலகையைவிட ஒரு நினைவேடு உங்களுக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. கல்லில் இடம் தீர்ந்துவிடும். உங்கள் பட்டியல் ஆண்டுதோறும் வளரும். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வருகைப் பதிவேட்டில் முதல் வாரங்களில் வைத்த கைநாட்டையும், பின்னர் அதே வரிசையில் தட்டுத் தடுமாறி வந்த முதல் கையெழுத்தையும் அருகருகே நகலெடுத்து ஒட்டுங்கள். ழகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம் எழுதியிருந்தாலும் திருத்த வேண்டாம். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை அவரே எழுதியிருந்தாலொழிய நீங்கள் சேர்க்காதீர்கள். ‘இன்னாரின் மனைவி’ என்று ஒரு பெண்ணின் பெயரைப் பின்னுக்குத் தள்ளவும் வேண்டாம். மூலப் பதிவேடுகளை லேமினேட் செய்யாமல், துருப்பிடித்த பின்களை மட்டும் மெதுவாகக் கழற்றி, ஈரமும் இராமபாணப் பூச்சியும் அண்டாத இடத்தில் வையுங்கள்.

வரிசை அகரவரிசையாகவே இருக்கட்டும். முதல்வருக்கு அடுத்த பக்கத்தில் இரவுக் காவலர் வந்தால் வரட்டும். பகுதிநேரமாகவும் தொகுப்பூதியத்திலும் பாடம் எடுத்தவர்கள், கூட்டிப் பெருக்கியவர்கள், டீ போட்டுக் கொடுத்த அம்மா போன்றோர் நிரந்தரச் சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். பழைய வவுச்சர்களில் அவர்கள் பெயரைத் தேடுங்கள். நன்கொடையாளர்களுக்கு நன்றி சொல்ல ஏட்டின் கடைசிப் பக்கம் போதும். இதைக் குழுவில் தயங்காமல் சொல்லுங்கள்.

இறந்தவர் கணக்கில் மிகுந்த கவனம் வேண்டும். பலருடைய பிறந்த தேதி, ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு நாளாகக் குத்துமதிப்பாக எழுதப்பட்டதாகவே இருக்கும். அதை நம்பி வயதைக் கணக்கிட்டு, ‘இருக்க மாட்டார்’ என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர் பெயர் அந்த ஏட்டில் ஏறுவதைவிடப் பெரிய பிழை இல்லை. ஒருவரை அறிந்த இருவரிடமாவது விசாரித்து, பிறகு குடும்பத்தாரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். விவரம் கிடைக்காதவர்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். இதை இந்த ஆண்டே தொடங்குவது நல்லது. 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயது வரையிலானவர்களை நோக்கியது. அன்று அதில் படித்த மிக இளையவர்களே இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் எத்தனை பேரிடம் இன்னும் கேட்க முடியும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தது வெளியே தெரிய வேண்டாம் என்று சில பிள்ளைகள் சொல்லக்கூடும். அவர்களோடு வாதாடாதீர்கள். அந்தப் பக்கத்தைப் பொதுப் பார்வைக்கு வைக்காமல் அலுவலகத்தில் பத்திரப்படுத்துங்கள்.

நினைவு நாளாக எழுத்தறிவு நாளான செப்டம்பர் 8-ஐ எடுத்துக்கொள்ளலாம். எல்லாச் சமயத்தாரும் ஒன்றாக உட்கார அது தோதானது. வகுப்பு நடக்கும் மாலை நேரத்திலேயே வைத்து, பெயர்களை இப்போது படிக்கும் மாணவர்களைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும். ஆகட்டும்.

நீங்கள் கடைசியாகக் கேட்டது உங்களை நெடுநாள் உறுத்தியிருக்கிறது என்பது புரிகிறது. போகலாம், சகோதரி. எழவுக்கு வராதவர் என்று யாரேனும் முகம் சுளித்தால், ‘அன்றைக்கே வந்திருக்க வேண்டும், வராமல் இருந்துவிட்டேன்’ என்று ஒரு முறை சொல்லுங்கள். காரணம் எதையும் அடுக்க வேண்டாம். வருகைப் பதிவேட்டில் அந்த மாணவியின் கையெழுத்து இருக்கும் பக்கத்தை நல்ல தாளில் நகலெடுத்துக் கையோடு கொண்டு போங்கள். பேரப் பிள்ளைகள் யாரேனும் வீட்டில் இருந்தால் அதை அவர்கள் கையில் கொடுத்து, பாட்டி எழுதியது எந்த வரியில் இருக்கிறது என்று அவர்களையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.