வாசகர் கேள்வி – பதில்: கேம்பர் வானோடு கடல் கடந்து, கரையோரமாக ஒரு நாள்

கேள்வி: நோர்வேயில் வாழும் என் தமையன் குடும்பத்தோடு வருகிறார். படுக்கையும் அடுப்பும் பொருத்திய கேம்பர் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து யாழ்ப்பாணம் வர எண்ணியுள்ளார். வாகனத்தோடு கப்பலில் ஏறிக் கடல் கடந்து, இறங்கியதும் கரையோர வீதியில் ஓடுவது அங்கே அவர்களுக்குப் பழக்கமாம். அப்படியொரு நாளை இங்கும் அமைக்க முடியுமா? – வாசகி, கோண்டாவில்

பதில்: முடியும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே வாகனங்களை ஏற்றிச் செல்லும் ‘பாதை’ எனப்படும் மிதவை அதற்காகவே அமைந்தது போல இருக்கிறது. கடப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் அந்தச் சிறிய நீர்ப்பரப்பு இல்லையென்றால், ஊர்காவற்றுறையிலிருந்து பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாண நகருக்குத் திரும்பி, மீண்டும் வட்டுக்கோட்டை, பொன்னாலை என்று நாற்பது கிலோமீற்றர் அளவில் சுற்றித்தான் காரைநகரை அடைய வேண்டும். பார்வைக்கு எளிய மிதவையாக இருந்தாலும், தீவகம் எனப்படும் தீவுகளையும் குடாநாட்டின் வலிகாமப் பகுதியின் வடகரையையும் ஒரே நாளில் இணைத்துத் தருவது இதுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் புறப்பட்டு அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குச் செல்லுங்கள். பாதையில் காரைநகருக்குக் கடந்து, பிற்பகலில் பொன்னாலைப் பாலத்தைத் தாண்டி மாதகல், கீரிமலை, காங்கேசன்துறை என்று கிழக்கு நோக்கி ஓடி, மாலையில் நகருக்குத் திரும்புங்கள். முழுச் சுற்றும் நூறு கிலோமீற்றருக்கு உட்பட்டதே. இந்தத் திசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. காலையில் மேற்கே செல்லும்போதும் பிற்பகலில் கிழக்கே செல்லும்போதும் வெயில் சாரதியின் முதுகுப் பக்கமாகவே இருக்கும். அத்துடன், நாம் வீதியின் இடப்பக்கத்தில் ஓடுவதால், வடகரையில் கிழக்கு நோக்கிச் செல்லும் வாகனத்துக்குக் கடல் இடக்கையில் அமைகிறது. எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கறுக்காமல் கடற்பக்கமாகவே ஒதுங்கி நிறுத்தலாம். பெரிய வானுக்கு இது மிகுந்த வசதி. காரைநகரின் கசூரினாக் கடற்கரையில் மாலைப் பொழுதைக் கழிக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நின்றால் மட்டும் சுற்றைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பாதையில் ஏறும் இடத்தில்தான் அவதானம் தேவை. இறங்குதுறைச் சரிவுக்கும் மிதவையின் தட்டுக்கும் இடையிலுள்ள சாய்வு, நீர்மட்டத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். பின் சில்லுக்கு அப்பால் உடல் நீண்டிருக்கும் வாகனத்தின் வால் அந்தச் சாய்வில் தரையில் உரசக்கூடும். ஆகவே நீளமான வாகனத்தைத் தவிர்த்துச் சாதாரண வான் அளவிலானதையே வாடகைக்கு எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாளே ஒருவர் இறங்குதுறைக்குச் சென்று, வாகனத்தின் நீளத்தையும் நிறையையும் பணியாளரிடம் சொல்லி, ஏற்றுவார்களா, மறுநாள் எந்த நேரங்களில் ஓடும் என்பவற்றை அறிந்துகொள்வது நல்லது. பழுதுபார்ப்புக்காகவும் காற்றுக்காகவும் பாதை நிற்கும் நாட்கள் உண்டு. ஏறுவதற்கு முன் எரிவாயு உருளையின் வாயை மூடி, அலுமாரிக் கதவுகளைப் பூட்டி, சாரதி தவிர்ந்த எல்லோரும் இறங்கி நடந்தே ஏறட்டும். மிதவையில் கைத்தடையை இழுத்து, இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.

கடக்கும்போது கடல் நடுவே தெரியும் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டை அது. பிற்காலத்தில் சிறையாகவும் இருந்தது.

மதிய உணவைக் காரைநகரில் வைத்துக்கொள்ளுங்கள். கசூரினாக் கடல் நெடுந்தூரம் ஆழமற்றது. சிறுவர் இறங்குவதற்கு நம் கரைகளில் அதைவிட ஏற்ற இடத்தை நான் அறியேன். அதன் பின்னர் மாதகல் வரை நிதானமாக ஓடுங்கள்: வீதியோரம் வலை உலர்த்துவார்கள், மாடுகள் குறுக்கே வரும், துவிச்சக்கரவண்டியில் வரும் முதியவர் திரும்பிப் பாராமலே திரும்புவார். கடற்படை முகாம்களை அண்டிய இடங்களில் நிறுத்தவோ படம் எடுக்கவோ வேண்டாம். கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊறும் கேணியைப் பார்த்துவிட்டு, நகுலேஸ்வரத்தில் வழிபட்டுத் திரும்பலாம். பிதிர்க்கடன் செய்ய வருவோரின் இடம் அது என்பதை மனத்தில் கொண்டு நடந்துகொள்ளச் சொல்லுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை தை முதல் பங்குனி வரை உகந்தது. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உயரமான வான் பாலங்களின் மேல் நன்றாகவே ஆட்டங்காணும். தங்கள் தமையன் இலங்கையில் ஓட்டுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதியைப் பெற வேண்டும். வலப்பக்கம் ஓடிப் பழகியவர் தவறுவது பெரும்பாலும் நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் வீதிக்கு ஏறும்போதுதான். அந்த வேளையில் பக்கத்தில் இருப்பவர் நினைவூட்டட்டும்.

கேள்வி: நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் கப்பலில் வானை ஏற்றி வரலாமா? அதே வானோடு நெடுந்தீவுக்கும் போகலாமா? – வாசகர், பருத்தித்துறை

பதில்: இரண்டும் இயலாது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பித்த அந்தச் சேவை பயணிகளுக்கு மட்டுமானது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்பவர்கள் வானைப் புங்குடுதீவின் குறிகட்டுவானில் விட்டுவிட்டுப் படகேற வேண்டும். நெடுந்தீவுப் பயணம் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் அளவில் ஆகும். அதற்குத் தனியாக ஒரு நாளை ஒதுக்குங்கள்.

கேள்வி: இத்தகைய வானில் தண்ணீர்த் தாங்கியும் கழிவுநீர்த் தாங்கியும் உள்ளன. தீவகத்தில் எங்கே நிரப்புவது, எங்கே திறந்துவிடுவது? – வாசகர், மானிப்பாய்

பதில்: இதைக் கேட்டமைக்கு நன்றி, எல்லாவற்றையும்விட இதுவே எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதையே கிணறுகளில் அள்ளுகிறோம். தீவகத்தில் அந்தப் படை இன்னும் மெல்லியது. பல கிணறுகள் உவராகிவிட்டன, குடிநீருக்குப் பலர் வெளியிலிருந்து வரும் தண்ணீரையே நம்பியிருக்கிறார்கள். ஆகவே தாங்கியை நகரிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். தீவகத்து நீரில் ஒரு வாளியும் உங்கள் குளிப்புக்குப் போகக் கூடாது. பாத்திரம் கழுவிய நீரைப் பற்றைக்குள் திறந்துவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். வெடிப்புகள் நிறைந்த அந்தக் கல்லின் ஊடாகச் சவர்க்காரமும் எண்ணெயும் வடிகட்டப்படாமலே விரைவில் நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடும். மலசலத் தாங்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எதையும் வழியில் திறக்காமல், இரவு தங்கும் விடுதியின் மலக்குழியில் உரிமையாளரின் சம்மதத்தோடு வெறுமையாக்குங்கள். அதனாலேயே இரவில் கடற்கரையில் நிறுத்தாமல், மதிலும் கிணறும் உள்ள விருந்தினர் விடுதி வளவொன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுமாறு சொல்கிறேன். வான் உள்ளே நுழைவதற்குப் படலையின் அகலமும், மேலே தாழ்ந்து செல்லும் மின்கம்பியின் உயரமும் போதுமா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.