கீரிக்கும் வெறி பிடிக்குமா? பெங்களூரு வாசகர்களுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

அல்சூர்: வெறிநாய் ஒரு நரியைக் கடித்தால் நரிக் கூட்டமே அழியுமா சார்?

பெரும்பாலும் அழியாது. எச்சிலில் வைரஸ் வர ஆரம்பித்தபின் அந்த நரிக்குச் சில நாள்தான் ஆயுள். அதற்குள் இன்னொரு நரியைக் கடிக்காவிட்டால் கதை அதோடு முடிந்தது. அபூர்வமாக, வைரஸ் போன இடத்திலேயே குடித்தனம் போட்டுவிடும். 2001-இல் அமெரிக்காவின் ஃப்ளாக்ஸ்டாஃப் ஊரில் வௌவாலின் வைரஸ், நாற்றம் பீச்சும் சிறு விலங்கான ஸ்கங்குகளுக்குத் தாவி, பிறகு ஸ்கங்கிலிருந்து ஸ்கங்குக்கே பரவியது. நமீபியாவில் 1977 தொடங்கி குடு மான்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. மான் எங்கே கடிக்கும்? முள்மரம் மேய்ந்து வாயெல்லாம் புண். ஒன்றையொன்று நக்கும்போது எச்சில் வழியாகத் தொற்றியிருக்கிறது.

மல்லேஸ்வரம்: பால்கனியில் குரங்கு பிறாண்டிவிட்டது. லேசாக ரத்தம்.

இதைப் படிப்பதை நிறுத்துங்கள். குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். இன்றே ஆஸ்பத்திரி.

ஜாலஹள்ளி: தொப்புளைச் சுற்றி 14 ஊசியாமே?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். அது ஆட்டு மூளையில் செய்த பழைய மருந்து, எப்போதோ நிறுத்தியாயிற்று. இப்போது கையில்தான், நாலைந்து தடவை.

கே.ஆர்.புரம்: ஏரிக்கரையில் என் நாய் கீரியோடு சண்டை போட்டது. மூக்கில் அரிசி அளவு காயம். கீரிக்கு மூலிகை தெரியும், நோய் அண்டாது என்பாள் பாட்டி.

பாட்டிக்கு வணக்கம். கீரியின் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் நல்லபாம்பு விஷம் ஒட்டுவதில்லை. பிறவி அமைப்பு, மூலிகை இல்லை. வெறிநோயை அது தடுக்காது. 1872-இல் கரும்புத் தோட்ட எலிகளைப் பிடிக்கக் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்குக் கீரிகளைக் கொண்டுபோனார்கள். அந்த வம்சம் தீவு தீவாகப் பரவி, இன்று கிரெனடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் வெறிநோயைச் சுமப்பதே கீரிதான். நாய்க்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள்?

கே.ஆர்.புரம்: அது வெளிநாட்டுக் கீரி சார்.

கல்கத்தா எப்போது வெளிநாடாயிற்று?

பன்னேர்கட்டா: என் மாமியாரும் மூலிகை என்றுதான் சொல்கிறார்.

சரி, கட்சி சேர்ந்துவிட்டது. மூலிகையை விடுங்கள், இதைக் கேளுங்கள். நான் பணியில் இருந்தபோது, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று பசுவின் வாய்க்குள் முழங்கைவரை கைவிட்டுத் துழாவினார் ஒருவர். மாட்டுக்கு வெறிநோய். வாயில் நுரை தள்ளினால் கை விடாதீர்கள்.

கே.ஆர்.புரம்: அப்போது கீரிப்பிள்ளை அருகம்புல் தின்பது எதற்கு சார்?

தம்பி, நாய்க்கு எப்போது ஊசி போட்டீர்கள் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.