பிள்ளைகளின் கோபம்: எதுவரை பொறுக்கலாம், எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் கோபத்தைப் பற்றியவை. “இவனுக்கு ஏன் இவ்வளவு கோபம்?” என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். எப்போது வருகிறது, எங்கே வருகிறது, யாரிடம் வருகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் வழி தெரிந்துவிடும்.

மூன்று வயது மகன், கேட்டதை வாங்கித் தராவிட்டால் கடையிலேயே தரையில் விழுந்து புரண்டு அழுகிறான். நாலு பேர் பார்க்கிறார்களே என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். இது சரியாகிவிடுமா?

ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை அடம்பிடிப்பது வளர்ச்சியின் ஒரு கட்டம். இந்த வயதில் ஆசைகள் நிறைய. அவற்றைச் சொல்ல வார்த்தைகள் குறைவு. கோபத்தின் உச்சம் முதலிலேயே வந்து போய்விடும். அதன் பிறகு மிஞ்சுவது அழுகைதான். உச்சத்தில் இருக்கும்போது புத்திமதி காதில் ஏறாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பேச்சைக் குறைத்து, பக்கத்திலேயே இருங்கள். கத்தல் விசும்பலாக மாறும்போது தூக்கிக்கொள்ளுங்கள். ஆனால், கேட்ட பொருளைக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் அழுத பிறகு கொடுத்தால், பத்து நிமிடம் அழ வேண்டும் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்ளும். கொடுப்பதை நிறுத்தியதும் முதல் சில நாட்கள் அடம் இன்னும் கூடும். அப்போது தாத்தாவோ பாட்டியோ மனமிரங்கிவிட்டால் எல்லாம் வீண். அவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மூன்று வயதாகியும் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, தலையை மோதிக் காயப்படுத்திக்கொள்கிறான் என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு வளர்ச்சிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இவை இலவசம். “அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்” என்ற ஒரு பேச்சால் இரண்டு வருடங்களை இழந்துவிட்டு வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

பதினான்கு மாதக் குழந்தை. கையில் இருப்பதைப் பிடுங்கினால் வீறிட்டு அழுது, மூச்சடங்கி, உதடு நீலமாகிவிடுகிறது.

குழந்தை இதை வேண்டுமென்று செய்வதில்லை. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். குலுக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வலிப்போ இதயக் கோளாறோ இல்லை என்று குழந்தை நல மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பரிசோதியுங்கள். அது குறைந்த குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். அழுகையே இல்லாமல் மயங்கினாலோ, ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சு வராவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனைப் பள்ளியில் சாது என்கிறார்கள். ஆனால் மாலையில் நோட்டை எடுத்தாலே கத்துகிறான், பக்கங்களைக் கிழிக்கிறான். டியூஷன் மாற்றியும் பயனில்லை. பிடிவாதமா?

பிடிவாதம் என்று முடிவுகட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கோபமில்லாத ஒரு நாளில், அவன் இதுவரை பார்த்திராத ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பள்ளிப் பாடம் வேண்டாம். அதை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவான். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுத்தடுமாறுகிறானா, முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா என்று கவனியுங்கள். எழுதச் சொன்னால் ‘கோடை’யில் காலை விட்டுவிட்டு ‘கேடை’ என்று எழுதுவது, கரும்பலகையில் இருப்பதைப் பாதி மட்டும் நோட்டில் ஏற்றுவது, வாயால் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்லிவிட்டுத் தாளில் வெறுமையாக விடுவது, இவை தொடர்ந்து இருந்தால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். ‘முட்டாள்’ என்று பெயரெடுப்பதைவிடக் ‘கோபக்காரன்’ என்று பெயரெடுப்பது அந்தப் பிள்ளைக்குக் கௌரவமாகப் படுகிறது. பகலெல்லாம் பள்ளியில் அடக்கி வைத்ததை வீட்டுக்கு வந்து கொட்டுகிறான். உங்களிடம் கொட்டினால் உங்கள் அன்பு போய்விடாது என்ற நம்பிக்கை அவனுக்கு இருக்கிறது.

கண், காது பரிசோதனையை முதலில் முடியுங்கள். தூக்கத்தையும் பாருங்கள்: இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரம் தேவை. இரவு பதினொன்றரைக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும் பிள்ளை சிடுசிடுக்காமல் என்ன செய்யும்? பிறகு உளவியலாளரிடம் கற்றல் திறன் பரிசோதனை செய்யுங்கள். ஒன்றில் கவனம் நிலைக்காத கவனக்குறைவுக் கோளாறும் சேர்ந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். கற்றல் குறைபாடு 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். பிள்ளைக்கு ‘முத்திரை’ விழுந்துவிடுமே என்று பயப்படாதீர்கள். ‘சோம்பேறி’ என்ற முத்திரை ஏற்கெனவே விழுந்திருக்கிறது. அதுதான் அதிகம் வலிக்கிறது.

பத்து வயது மகன் அம்மாவை அடிக்கக் கை ஓங்குகிறான். நான் வீட்டில் இருந்தால் மட்டும் அடங்குகிறான். நானும் அடிவாங்கி வளர்ந்தவன்தான். அடித்துத் திருத்தலாமா?

வேண்டாம். உங்கள் முன் அவன் அடங்குவது பயத்தால். வலுத்தவர் கை ஓங்கலாம் என்ற பாடத்தைத்தான் ஒவ்வோர் அடியும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. அதை அவன் வீட்டில் தன்னைவிட எளியவராகத் தெரிபவரிடம் செய்து பார்க்கிறான். உங்களிடம் நேராகவே கேட்கிறேன்: வீட்டில் அவன் அம்மாவிடம் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? சாப்பாட்டில் உப்பு குறைந்தால் என்ன நடக்கிறது? திருத்தத்தை அங்கே தொடங்குங்கள்.

“கோபம் வரலாம், அடிக்கக் கூடாது” என்பதை அவன் அமைதியாக இருக்கும் வேளையில் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். மீறினால் என்ன விளைவு என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். விளைவு சிறியதாக இருக்கட்டும்; ஆனால் தவறாமல் நடக்கட்டும். தலையணையைக் குத்திக் கோபத்தைத் தீர்த்துக்கொள் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். அதனால் கோபம் தணிவதில்லை. தனியாகச் சற்று நடந்துவிட்டு வருவது, மூச்சை மெல்ல வெளியே விடுவது, இவை உதவும்.

வாரத்தில் பல நாள் என்று மாதக்கணக்கில் நீடிப்பது, கத்தி கத்திரிக்கோல் எடுப்பது, நாய் பூனையைத் துன்புறுத்துவது, தீ வைப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

14 வயது மகள் முன்பு கலகலப்பாக இருப்பாள். மூன்று மாதங்களாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள். மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது. வயசுக் கோளாறுதானே?

இந்தக் கடிதம்தான் எனக்கு அதிகக் கவலை தந்தது. இந்த வயதில் மனச்சோர்வு சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகத் தெரியலாம். இரண்டு வாரம் தாண்டிய மாற்றமே கவனிக்க வேண்டியது; மூன்று மாதம் மிக அதிகம். பள்ளியில் கேலி, செல்போன் வழியாக மிரட்டல், யாராவது தவறாக நடந்துகொண்டது என எதுவும் பின்னால் இருக்கலாம். குறுக்கு விசாரணை வேண்டாம். “நீ கஷ்டப்படுகிறாய் என்று தெரிகிறது. என்ன நடந்திருந்தாலும் உன்னைத் திட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள், சொன்ன சொல்லையும் காப்பாற்றுங்கள்.

சாவைப் பற்றிப் பேசினாலோ எழுதினாலோ, உடம்பில் கீறிக்கொண்ட தடம் தெரிந்தாலோ, அன்றே மருத்துவரிடம் போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் இலவச மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலிமனஸ் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். யாராவது துன்புறுத்துவது தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

வலிப்புக்கு மாத்திரை தொடங்கியதிலிருந்து ஏழு வயது மகளுக்குக் கடுங்கோபம். தொடர்பு உண்டா?

இருக்கலாம். லெவெடிராசெட்டம் போன்ற மருந்துகளால் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு. நீங்களாக நிறுத்தினால் வலிப்பு பெருகிவிடும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே இந்த வாரமே சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ அவர் மாற்றுவார்.

மனநல மருத்துவரிடம் போனால் தூக்க மாத்திரை கொடுத்து மந்தமாக்கிவிடுவார்களா?

கோபத்துக்கென்று தனி மாத்திரை கிடையாது. சிறுவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் தருவது பெற்றோருக்கான பயிற்சியும் பிள்ளைக்கான ஆலோசனையும்தான். கவனக்குறைவு, மனச்சோர்வு போன்றவை உறுதியானால் தேவையைப் பொறுத்து மருந்து சேரும். மருந்து சாப்பிட்டுப் பிள்ளை தூங்கி வழிந்தால் அளவு சரியில்லை என்று அர்த்தம். திரும்பப் போய்ச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் வெளிநோயாளராகப் பார்க்கலாம். போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்று கொண்டுபோங்கள்: எத்தனை மணிக்குக் கோபம் வந்தது, சற்றுமுன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தின இரவு எப்போது தூங்கியது. பள்ளி நோட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அப்பா, அம்மா இருவருமே வாருங்கள்.